இல்லை என்று சொல்வதற்கு முன்

போன மாதம் மூன்று நாள் என் வீட்டுக்காரி என்னோடு சரியாகப் பேசவில்லை. குற்றம் என்னுடையதுதான். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வராமல், மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல ஃபைல் தேடினது போதாதா? ரிட்டயர் ஆகியும் அதே வேலையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் சமாசாரம் என்று நினைத்து நண்பர்கள் பக்கத்தை மூடிவிட வேண்டாம். நான் சொல்ல வந்தது, "இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது அதற்கு என்ன பொருள் என்பதைப் பற்றி. மனிதர் சொன்னாலும் சரி, இயந்திரம் சொன்னாலும் சரி.

முதலில் விஷயம். என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், சில மாதங்களுக்கு முன் காலமானார். அவர் எங்கள் புதுச்சேரி பாஷையில் ஒரு சொல்தா. அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மாமா குடும்பம் எழுதிக் கொடுத்தது. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் ஒரே தெருவில் வளர்ந்த நாங்கள், அவர் சொல்தாவாகவும் நான் யூ.டி.சி.யாகவும் ஆனோம். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மாமா போன பிறகு அக்காவுக்கு விதவை ஓய்வூதியம் வர வேண்டும். அதற்குக் கேட்ட காகிதங்களில் ஒன்று மாமாவின் பணி விவரச் சான்று. பிரெஞ்சில் 'எத்தா சிஞ்ஞாலெத்திக்' என்பார்கள். எந்தத் தேதியில் படையில் சேர்ந்தார், எங்கெங்கே இருந்தார், என்றைக்கு விடுபட்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். மூலக் காகிதம் 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் நனைந்து போனது. அப்போது ஓடு பறந்த வீடுகளில் அக்கா வீடும் ஒன்று. உலர்த்தி வைத்திருந்ததை 2014இல் ஊருக்கு வந்த அக்கா மகன் பத்திரமாக ஸ்கேன் எடுத்தான். அதன் பிறகு அந்தக் காகிதம் மடிப்பு மடிப்பாக உதிர்ந்துவிட்டது.

அவனுடைய மேக் கணினி சில வருஷங்களில் செத்துப்போனது. ஆக, மிச்சம் இருந்தது என்னிடம் அவன் ஏற்றிக் கொடுத்த பிரதி ஒன்றுதான். பிரான்சில் போ என்ற ஊரில் படைவீரர்களின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழுதிக் கேட்கலாம். ஆனால் அக்காவுக்கு வந்த கடிதத்தில் கொடுத்திருந்த கெடு மூன்று வாரம். அக்காவுக்கு எண்பது வயது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும். "கிடைச்சுதாடா தம்பி?"

என் கணினியில் ஓடுவது லினக்ஸ். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனி ஆதரவு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். என் பழைய மடிக்கணினி புது விண்டோஸைத் தாங்காது. அக்கா மகன்தான், "மாமா, இதைப் போட்டுத் தரேன், செலவு கிடையாது" என்று உபுண்டுவைப் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து கணினி மாறினாலும் அதை விடவில்லை. யூனிக்ஸ் பரம்பரையில் வந்தது அது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஒரு வரி பதில் சொல்லும். வளவளப்பு கிடையாது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தச் சுருக்கம் பிடித்துப் போனது.

அதில் கோப்பு தேட இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று லொகேட். இன்னொன்று ஃபைண்ட். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் இப்படிச் சொன்னால் புரியும். லொகேட் என்பது ஆவண அறையின் வாசலில் மேசைமேல் இருக்கும் இண்டெக்ஸ் ரிஜிஸ்தர். தினம் ஒரு தடவை யாரோ உள்ளே போய், எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்துவிடுவார்கள். அந்த எழுதும் வேலைக்கு அப்டேட்டிபி என்று பெயர். நீங்கள் கேட்டால் லொகேட் ரிஜிஸ்தரை மட்டும் புரட்டிக் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் சொல்லும். அலமாரிப் பக்கம் போகாது. ஃபைண்ட் அப்படி இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டு வரும். நேரம் ஆகும், ஆனால் நேரில் பார்த்துச் சொல்லும்.

முதல் நாள் லொகேட்டிடம் கேட்டேன். கோப்பின் பெயரைப் பிரெஞ்சில் முழுசாகத் தட்டினேன். பதில் ஒன்றும் இல்லை. "இல்லை" என்றுகூடச் சொல்லாது. அடுத்த வரிக்கு வந்து சும்மா காத்திருக்கும்.

பிறகு நினைவு வந்தது. பழைய படங்கள், காகிதங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றியிருந்தேன். அதைச் செருகினேன். ரிஜிஸ்தரையும் கையால் புதுப்பிக்கச் சொன்னேன். மறுபடி கேட்டேன். மறுபடி மௌனம். சரி, டிஸ்கிலும் இல்லை போலிருக்கிறது என்று வயிற்றைப் பிசைந்தது.

ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து அப்டேட்டிபியின் விதிக் கோப்பைத் திறந்து படித்தேன். அதில் ஒரு வரி. இந்த இந்த இடங்களுக்குப் போகாதே என்று ஒரு பட்டியல். தற்காலிகக் கோப்புகள் இருக்கும் இடம், அச்சுக்கும் தபாலுக்கும் காத்திருப்பவை இருக்கும் இடம், கூடவே 'மீடியா'. வெளியிலிருந்து செருகும் டிஸ்க், பென்டிரைவ் எல்லாம் வந்து உட்காருவது அந்த மீடியாவுக்குக் கீழேதான். அதாவது என் ஹார்டு டிஸ்க் பக்கமே அது எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தைப் பற்றித்தான் எனக்கு அந்த மௌனத்தைப் பதிலாகக் கொடுத்தது.

அப்படி ஒரு விதி இருப்பதில் தவறில்லை. செருகிப் பிடுங்குகிற டிஸ்கை எல்லாம் ரிஜிஸ்தரில் எழுதினால், நாளைக்கு அது இல்லாதபோது ரிஜிஸ்தர் பொய் சொல்லும். விதிக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த விதி எனக்குத் தெரிய வேண்டாமா?

இரண்டாம் நாள் ஃபைண்டைக் கூப்பிட்டேன். ஹார்டு டிஸ்கைக் காட்டி, இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா பார் என்றேன். முப்பதாயிரத்துக்கு மேல் கோப்புகள். போய்விட்டு வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் ஒரு எண்ணை விட்டுச் செல்லும். பிழை இல்லாமல் முடிந்தால் பூஜ்யம். அதைக் கேட்டுப் பார்த்தேன். பூஜ்யம். அதாவது "வேலை சுத்தமாக முடிந்தது". கோப்பு கிடைத்ததா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வராது. சொன்ன இடமெல்லாம் தடையில்லாமல் சுற்றி வந்தேன் என்பது மட்டும்தான் அதன் பொருள். நம் அலுவலகத்தில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதி ஃபைலை மூடுவோமே, அதே ஜாதி.

நேரில் போய்ப் பார்த்தவனே இல்லை என்கிறானே என்று நான் நம்பிவிட்டேன். பிரான்சுக்குப் போன் போட்டேன். "இருக்கு மாமா, நான்தானே உங்க லாப்டாப்ல வைஃபை வழியா ஏத்தினேன். நல்லா ஞாபகம் இருக்கு, பேரும் அதேதான்" என்றான். "அப்ப நான்தான் அழிச்சிருப்பேன்" என்றேன். அன்று ஏழு மணிக்கு அக்கா போன் வந்தபோது வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பொறியியல் படிக்கிறவள். என் மனைவிதான் கூப்பிட்டிருக்கிறாள். நான் தட்டிய வரியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஏன் முழுப் பேரையும் அடிக்கிறீங்க? நடுவுல கொஞ்சம் மட்டும் குடுங்க. அந்த மேல கோடு போட்ட எழுத்து இல்லாத இடமா பாத்து" என்றாள்.

இரண்டாவது சொல்லின் முதல் ஆறு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு ஃபைண்டிடம் கொடுத்தேன். அரை நிமிஷம். ஒரு வரி வந்தது. 2014 விடுமுறைப் படங்கள் என்ற அடைவுக்குள், கடற்கரையில் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட படங்களுக்கு நடுவில், மாமாவின் சான்று.

அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் முன்னால் அடக்கிக்கொண்டேன்.

ஆனால் குமாஸ்தா மனசு சும்மா இருக்குமா? கிடைத்த பெயரைப் பார்த்தேன். நான் முந்தின நாள் தட்டியதையும் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் வித்தியாசம் இல்லை. பின் ஏன் கிடைக்கவில்லை? மறுபடி முழுப்பெயரைத் தட்டினேன். மறுபடி இல்லை! கண்முன்னால் இருப்பதை இல்லை என்கிறது.

"ரெண்டையும் எண்ணிப் பாருங்க தாத்தா" என்றாள் அவள். எழுத்தை எண்ணுவதற்கு லினக்ஸில் ஒரு சின்னக் கருவி உண்டு. எழுத்தை என்று சொல்வதைவிட, எழுத்தைச் சேமிக்கும் பைட்டை எண்ணுவது. நான் தட்டிய பெயர் 23 பைட். டிஸ்கில் இருந்த பெயர் 25 பைட்.

அந்த இரண்டு பைட்டில்தான் மூன்று நாள் போயிருக்கிறது.

விஷயம் இதுதான். பிரெஞ்சில் 'எ' என்ற எழுத்தின் தலையில் வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு வரும். அக்சான் என்போம். யூனிகோட் முறையில் இதை இரண்டு விதமாக எழுதலாம். கோட்டோடு சேர்ந்த எழுத்தை ஒரே எழுத்தாக வைப்பது ஒரு விதம். வெறும் எழுத்தை வைத்துவிட்டு, பின்னால் கோட்டைத் தனியாக வைப்பது இன்னொரு விதம். முதலாவதற்கு 2 பைட். இரண்டாவதற்கு 3 பைட். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அக்கா மகனின் பழைய மேக் கணினி கோப்புப் பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் உள்ளது. என் விசைப்பலகை சேர்த்து அடிக்கும். மாமாவின் சான்றின் பெயரில் அந்த எழுத்து இரண்டு இடத்தில் வருகிறது. அதனால் இரண்டு பைட் வித்தியாசம்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் திக்தே உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அக்சான் விட்டுப்போனால் மதிப்பெண் போகும். அந்தப் பயத்தில் வளர்ந்தவன் நான். எழுபது வயது தாண்டியும் அக்சான் இல்லாமல் ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் தட்ட என் விரல் வராது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அக்சானைச் சரியாகப் போட்டதற்காக நான் தோற்றேன்.

தமிழர்கள் சிரிக்க வேண்டாம். நமக்கும் இது உண்டு. 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம். முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். முதலாவது விதத்தில் 'கோப்பு' 18 பைட். இரண்டாவது விதத்தில் 21 பைட். கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு வேறு. ஒளவை என்று எழுதும்போது சிலர் ஒ என்ற எழுத்தையும் ள என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். முன் சொன்ன இரண்டு விதமும் ஒன்றுதான் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. இதற்கு எந்த விதியும் துணைக்கு வராது.

இவ்வளவு தெரிந்தவர்களிடம் போய் இது கருவியில் உள்ள கோளாறு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதிர்வீட்டுப் பெண்ணே ஒத்துக்கொள்ளவில்லை. "பக் இல்ல தாத்தா. அது அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க" என்றாள். லொகேட் தனக்குச் சொன்ன விதிப்படி நடந்தது. ஃபைண்ட் தனக்குக் கொடுத்த பைட்டைத் தேடியது. இரண்டும் கடமையைச் செய்தன. அவள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு முப்பது வருஷத்துக்கு முந்தின ஒரு காலை நினைவுக்கு வந்துவிட்டது. இதை நான் இதுவரை எழுதியதில்லை.

நான் ஆவணப் பிரிவில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு வயதான அம்மாள் வந்தார். காலமான கணவர் பேரில் ஒரு பழைய பதிவின் நகல் வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்த விண்ணப்பம், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. கணவர் பெயர் 'க'வில் தொடங்கும். ஆங்கிலத்தில் 'கே' போட்டிருந்தது. நான் இண்டெக்ஸ் ரிஜிஸ்தரை எடுத்து 'கே' பக்கத்தைப் பார்த்தேன். இல்லை. "பதிவேட்டில் காணப்படவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பினேன். அந்த அம்மாள் அந்தக் காகிதத்தை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் வேறு ஒரு பதிவைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. 'சி' பக்கத்தில். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவு அது. அவன் நம் 'க'வை 'சி' போட்டுத்தான் எழுதுவான். 'உ' வந்தால் 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து. 'ஜ' வந்தால் முன்னால் ஒரு 'டி'. பெயர் 'ன்' என்று முடிந்தால் கடைசியில் ஒரு 'ஈ'. எங்கள் ஊர்க்காரர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும். இது தெரியாதவன் அல்ல நான். அந்த அலுவலகத்திலேயே பிரெஞ்சில் படித்துவிட்டு வந்த ஒருசிலரில் நான் ஒருவன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. விண்ணப்பத்தில் இருந்த எழுத்தைத் தேடினேன், இல்லை என்று எழுதினேன். என் கடமையைச் செய்தேன்.

பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து அந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. அந்த நகல் அவருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பென்ஷனோ, வீட்டுப் பங்கோ. ஏதோ ஒன்று அவர் கையை விட்டுப் போயிருக்கும்.

நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. "பதிவேட்டில் காணப்படவில்லை" என்பது உண்மை. ஆனால் அந்த அம்மாளுக்குப் புரிந்தது "பதிவே இல்லை" என்பதுதான். நான் எழுதியிருக்க வேண்டியது: "'கே' என்ற எழுத்தின் கீழ் மட்டும் பார்க்கப்பட்டது. அலமாரியில் பார்க்கவில்லை. வேறு எழுத்துக்கூட்டலில் பார்க்கவில்லை." ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்திருந்தால் அவரோ, அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரோ, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

என் கருத்து இதுதான். தேடுகிறவன், அது குமாஸ்தாவோ கருவியோ, இல்லை என்று சொல்லும்போது எங்கே தேடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத "இல்லை", விதிப்படி சரியாகவே இருந்தாலும், கேட்டவனை ஏமாற்றுகிறது. அதை நான் கோளாறு என்றுதான் சொல்வேன்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. யூனிக்ஸ்காரர்கள் மௌனத்தை ஒரு ஒழுக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு கருவியின் வெளியீட்டை இன்னொரு கருவி வாங்கிக்கொண்டு வேலை செய்யும். நடுவில் தேவையில்லாத பேச்சு வந்தால் அடுத்த கருவி குழம்பும். அதேபோல், கோப்பின் பெயரை எழுத்தாகப் பார்க்காமல் பைட்டாகவே பார்ப்பதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. சாய்வுக்கோடு, பூஜ்ய பைட் இரண்டைத் தவிர வேறு எதையும் பெயரில் வைக்கலாம் என்று அன்றைக்கே விட்டுவிட்டார்கள். அதனால்தான் தமிழைப் பற்றி யோசித்தே இருக்காதவர்கள் கட்டிய வீட்டில், யார் அனுமதியும் கேட்காமல் நாம் தமிழில் பெயர் வைத்துக் குடியிருக்கிறோம். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மௌனமும் கெடாமல், ஆளும் ஏமாறாமல் இருக்க வழி இருக்கிறது. பிழைச் செய்திகளுக்கு என்று யூனிக்ஸில் தனி வாய்க்கால் உண்டு. ஃபைண்டுக்கு ஒரு அடைவுக்குள் போக அனுமதி இல்லையென்றால், "அனுமதி மறுக்கப்பட்டது" என்று அந்த வாய்க்காலில் சொல்லிவிடும். பூட்டிய அறையைப் பூட்டிய அறை என்று சொல்கிறதல்லவா, அந்த மட்டுக்கும் அது நல்ல குமாஸ்தா. குனூ திட்டத்தின் லொகேட், தன் ரிஜிஸ்தர் 8 நாளுக்கு மேல் பழசாகிவிட்டால் அதை எச்சரித்துச் சொல்லும். ஆக, இது செய்ய முடியாத காரியம் இல்லை. ஒன்றும் கிடைக்காதபோது மட்டும், "இந்த இடங்களை நான் பார்க்கவில்லை" என்று ஒரு வரி அந்த வாய்க்காலில் போட்டால் யாருக்கு நஷ்டம்?

மனிதர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. அந்த "அனுமதி மறுக்கப்பட்டது" வரிகள் தொந்தரவாக இருக்கிறது என்று, அதைக் குப்பைத் தொட்டிக்குத் திருப்பிவிடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். பூட்டிய அறைகளின் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லா அறையும் பார்த்தாயிற்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

என்னைப் போல் லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்காக: லொகேட் இல்லை என்றால் நம்பாதீர்கள், ஃபைண்டை அனுப்புங்கள். ஃபைண்டும் இல்லை என்றால் முழுப்பெயரைக் கொடுக்காமல், அக்சான் இல்லாத, ஒகர ஓகாரம் இல்லாத ஒரு துண்டைக் கொடுத்து முன்னும் பின்னும் நட்சத்திரம் போடுங்கள். அந்தத் துண்டையும் நட்சத்திரத்தையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஃபைண்டுக்குப் போவதற்கு முன்பே நட்சத்திரத்தை வேறு ஆள் பிரித்துவிடுவான். பிரித்து வைத்த பெயர்களைச் சேர்த்து வைக்க கன்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. அதன் குணம் எனக்குப் பிடித்தது. நீங்கள் தனியாக உத்தரவு கொடுக்கும்வரை எதையும் மாற்றாது. என்ன செய்யப்போகிறேன் என்று முதலில் காட்டும். நான் என் டிஸ்கில் ஓட்டிப் பார்த்தேன். அக்கா மகன் ஏற்றியதில் கோடு போட்ட பெயர் ஒன்று விடாமல் அத்தனையும் பிரித்து வைத்ததுதான். ஒன்பது வருஷமாக என்னிடமே இருந்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராமல் இருந்திருக்கின்றன.

சான்று கெடுவுக்கு ஆறு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன். அக்காவின் ஏழு மணிப் போன் நின்றபாடில்லை. இப்போது விசாரிப்பது, "சாப்பிட்டியாடா?"

அந்த அம்மாளின் காகிதத்தை நான் இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் யாராவது என்னிடம் எதையாவது கேட்டு, நான் இல்லை என்று சொல்ல நேர்ந்தால், எங்கெல்லாம் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடி எங்கே என்றாள். "கூடத்துல இல்ல. சமையல்கட்டுலயும் பூஜை அலமாரியிலயும் நான் பாக்கல" என்றேன். பூஜை அலமாரியில்தான் இருந்தது.